பெரியம்மாவுக்கு எந்த மிஷின்?

"முட்டி வலிக்கு ஏதோ ஃப்ரீக்வென்சி மிஷினாம், நல்லதா பார்த்துச் சொல்லுப்பா" என்று பெரியம்மா ஒரு கையேட்டை நீட்டினார். வலியில் தொடங்கி சர்க்கரை, புற்றுநோய் வரை நோய்க்கொரு ஹெர்ட்ஸ் எண், ரயில்வே டைம்டேபிள் மாதிரி. கடைசிப் பக்கம்தான் உறுத்தியது: மாத்திரையை மெல்லக் குறைக்கலாமாம். பெரியம்மா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்.

இது பழைய சரக்கு. 1920களிலேயே அமெரிக்காவில் ஆல்பர்ட் ஆப்ராம்ஸ், திறக்கவே கூடாதென்று சீல் வைத்த பெட்டிகளை வாடகைக்கு விட்டார். எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரு குடல்புழுதான் காரணம், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் 'ஜாப்பர்' அதைக் கொல்லும் என்றார் ஹல்டா கிளார்க். அவர் 2009இல் இறந்தது மல்டிபிள் மைலோமாவால். அதுவும் புற்றுநோய்தான்.

கடையில் கிடைக்கும் டென்ஸ் வேறு ரகம். தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டினால் தண்டுவடத்தில் வலிச் செய்தி மட்டுப்படும் என்று மெல்சாக்கும் வாலும் 1965இல் எழுதினார்கள். டென்ஸ் அந்த வழியில் வந்தது. இதிலும் ஹெர்ட்ஸ் உண்டு, சுமார் 2 முதல் 150 வரை. ஆனால் அது நோயின் எண் இல்லை. ஒரு விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பது மட்டுமே. ஆய்வு முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. கிடைக்கிற சுகமும் பெரும்பாலும் மிஷின் ஓடுகிற வரைக்கும்தான். பேஸ்மேக்கர் இருந்தால் வேண்டாம். சர்க்கரையால் மரத்துப்போன இடத்தில் பேட் ஒட்டக் கூடாது.

"பிசியோதெரபிஸ்ட்கிட்ட ஒரு தடவை போட்டுப் பாருங்க, கேட்டா வாங்கலாம். மாத்திரையில மட்டும் கை வைக்காதீங்க" என்றேன்.

"அப்போ இதுல சர்க்கரைக்கு நம்பர் கிடையாதா?" என்றார் பெரியம்மா.