மிஸ்டர் பீனின் விடுமுறையும் நமது பயணங்களும்

தவணைப் பரீட்சை முடிந்து விடுமுறைக்கு இரண்டு நாள் இருக்கையில் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சமாளிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. ஒரு படத்தைக் கொண்டுபோய் மண்டபத்தில் போட்டேன். 2007இல் வெளிவந்த ‘மிஸ்டர் பீன்ஸ் ஹொலிடே’. ஸ்டீவ் பெண்டிலாக் இயக்கி, ரோவன் அட்கின்சன் நடித்தது. இடையிடையே விளக்கம் சொல்லலாம் என்று பக்கத்தில் நின்றேன். தேவைப்படவில்லை. பிள்ளைகள் வாங்குகளில் புரண்டு புரண்டு சிரித்தார்கள். முடிந்ததும் ஒரு பிள்ளை கேட்டாள்: “டீச்சர், அவரப் பொலிஸ் தேடுதே, புடிச்சா அடிக்க மாட்டாங்களா?”

“அது பகிடிப் படம் மகள்” என்று சொல்லித் தப்பினேன். அந்தப் பதில் எனக்கே திருப்தி தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதை சின்னது. லண்டனில் ஒரு தேவாலயச் சீட்டிழுப்பில் பீனுக்குப் பிரான்சின் கான் நகருக்குப் போகும் பயணமும் ஒரு வீடியோக் கமராவும் கிடைக்கின்றன. கடற்கரைக்குப் போவதுதான் ஆசை. போகும் வழியெல்லாம் குழப்பம். ரயில் ஏறுவதைப் படம்பிடித்துத் தரச் சொல்லி ஒரு ரஷ்ய நாட்டவரிடம் கமராவைக் கொடுக்கிறார். அந்த மனிதர் ரயிலைத் தவறவிடுகிறார். அவருடைய மகன் ஸ்டெபான் தனியே ரயிலில். அதன்பிறகு பீனும் அந்தச் சிறுவனும் காசுமில்லாமல், டிக்கட்டுமில்லாமல் தெற்கு நோக்கிப் போகிறார்கள். பிள்ளையைக் கடத்தியவர் என்று பீனைப் பொலிஸ் தேடுகிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுத்தார். வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது உதாரணத்துக்குத் தடுமாறுவேன். இந்தப் படத்தில் நான்கும் வரிசையாகக் கிடைக்கின்றன. பாரிஸ் உணவகத்தில் கடல் இறாலைக் கோதோடு மென்று விழுங்குவதும், சிப்பியைப் பக்கத்து மேசைப் பெண்ணின் கைப்பைக்குள் ஊற்றுவதும் பேதைமை. மடன் என்பதைக் கொண்டதை விடாமை என்று உரைகாரர் விளக்குவர். டாக்சி வேறிடத்தில் இறக்கிவிட, திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு, எது குறுக்கே வந்தாலும் விலகாமல் நேர்கோட்டில் நடக்கும் பீனைவிட அதற்குச் சாட்சி வேண்டுமா? சந்தைத் தெருவில், பாடும் குரலுக்கு வாயசைத்து, பிள்ளையை இழந்த தாயாக அழுது நடித்துக் காசு சேர்க்கும் இடத்தில் இளமையின் விளையாட்டு இருக்கிறது. அந்த ஒரு காட்சியில் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சற்று அமைதியானதைக் கவனித்தேன். படத்தின் சிறந்த இடம் அதுதான்.

எள்ளலில்தான் படம் சறுக்குகிறது. தன்னையே வியந்து படமெடுக்கும் கார்சன் கிளே என்ற இயக்குநராக வில்லெம் டஃபோ வருகிறார். கான் விழாவின் பகட்டைக் குத்துவது நோக்கம். ஆனால் அவர் ஒரே சுருதியில் நிற்கும் பொம்மை. அவருடைய படத்தின் காட்சிக்குப் பதிலாக பீனின் கமராப் பதிவு திரையில் ஓட, சபை எழுந்து கைதட்டுகிறது. அந்தக் கைதட்டலோடு எல்லாக் குற்றமும் கரைந்துவிடுகிறது. பிள்ளை தகப்பனிடம் சேர்ந்ததும் பொலிஸ் தேடிய கதை எங்கே போனதென்றே தெரியவில்லை. மாணவி கேட்டது இந்த ஓட்டையைத்தான்.

இன்னொரு காட்சி. பொலிஸ் சோதனையைக் கடப்பதற்காக சபீன் என்ற நடிகை பீனைத் தன் தாயாகவும் ஸ்டெபானைத் தன் மகளாகவும் வேடம்போட்டுக் கூட்டிப்போகிறாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் பாதியில் நின்றுவிட்டது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முகத்தை மூடத் தடை வந்ததும், அபாயா உடுத்தவர்களை வாசல்தோறும் நிறுத்தியதும் நினைவுக்கு வந்தன. அந்த நாட்களில் அக்குறணையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் விடைத்தாள் கட்டோடு போனேன். பக்கத்தில் இருந்தவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழும்பிப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவரையும் குறை சொல்வதற்கில்லை, பயந்த காலம். ஆனால் அன்றைக்கு அந்தப் பை என் கையிலிருந்து தவறி விழுந்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்திய வருடம்தான் திகனையும் தெல்தெனியவும் எரிந்திருந்தன. தடுமாறுவதற்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும். பீனுக்கு அது அவருடைய கடவுச்சீட்டிலேயே இருக்கிறது. படம் அதை அறியவில்லை.

தமிழ்ச் சினிமா ஓரளவு அறிந்திருக்கிறது. சேரனின் ‘வெற்றிக் கொடி கட்டு’ (2000) படத்தில் துபாய்ப் பெருமை பேசும் வடிவேலுவைப் பார்த்திபன் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்கும் பகிடி எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தப் படத்தின் மையக் கதை, துபாய்க்கு அனுப்புவதாகச் சொன்னவனிடம் காசைப் பறிகொடுத்த இரண்டு இளைஞர்களுடையது. சிரிப்புக்குப் பக்கத்திலேயே அதன் விலையும் எழுதப்பட்டிருக்கிறது. தொழில் நுணுக்கத்தில் அட்கின்சனின் உடலசைவுக்கு வடிவேலு இளைத்தவரல்ல என்பதையும் சொல்லவேண்டும். வடிவேலுவுக்குப் பேச்சும் வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்மிடம் பயணக் கதைக்குப் பஞ்சமில்லை. கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட ‘அசன்பேயுடைய கதை’யே எகிப்தில் களவுபோன ஒரு குழந்தை பம்பாயில் வளர்ந்து ஊர் ஊராய்ப் போவதுதான். தமிழின் முதல் நாவல்களில் ஒன்று ஒரு பயணியின் கதை. தகப்பனைப் பிரிந்த பிள்ளை அதிலும் உண்டு. ஆனால் அது வீரத்தின் கதை, அசன்பே தடுமாறுவதில்லை. அதற்குப் பிறகு நான் வாசித்த நம்மவர் பயண எழுத்தில் ஹஜ் உண்டு, மத்திய கிழக்கின் கண்ணீர் உண்டு. சிரிப்பு மிகக் குறைவு.

சிரிப்பு இல்லாமலா இருக்கிறது? சவூதியிலிருந்து வந்த மாமி, விமான நிலையத்தில் தானாக ஓடும் படியைக் கண்டு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்த கதையைப் பெருநாளைக்குப் பெருநாள் சொல்லுவார். சொல்லி முடிக்குமுன் அவரே சிரித்துப் போவார். அதே மாமிக்கு எட்டு மாதச் சம்பளம் வந்து சேரவில்லை என்பதை அடுத்த மூச்சில் சொல்லுவார். அந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத நமக்கு இன்னும் துணிவு வரவில்லை. கண்ணீரை மட்டும் எழுதினால்தான் மற்றவர்கள் நம்மை மதிப்பார்கள் என்று நினைக்கிறோமோ என்னவோ.

அடுத்த தவணையில் அந்த மாணவிக்கு ஒழுங்கான பதில் சொல்லவேண்டும். பீனை அடிக்க மாட்டார்கள் மகள், ஏனென்றால் படமெடுத்தவர்கள் அவரைத் தங்கட ஆளாகப் பார்த்தார்கள். மாமியை அப்படிப் பார்க்கும் ஒரு கதையை நீ எழுது, நான் திருத்தித் தாறேன்.