கும்பகருணனும் செஞ்சோற்றுக் கடனும்

கம்பனின் கும்பகருணனைச் செஞ்சோற்றுக் கடன் கழித்த வீரனெனப் போற்றுதல் பட்டிமன்றங்களிற் பெருவழக்கு. அப்போரைப்பற்றி அவன் நெஞ்சம் யாது கூறிற்று என்பதை அப்புகழுரைகள் ஆராய்வதில்லை.

மந்திரப் படலத்தில், பிறன்மனை கவர்ந்தமையை இழிசெயலென இடித்துரைக்கும் அவனே, சீதையை இப்பொழுது விடுத்தால் எளியராவோம் என்று போருக்கு வழிகாட்டுகிறான். குலமானம் அங்கே மனச்சான்றை வென்றுவிடுகிறது. துயிலெழுப்பப்பட்ட பின்னரோ, சீதையை விடுத்து வீடணனோடு அளவளாவுவதே உய்யும் வழி என்கிறான். இராவணன் சினக்கவே, பொறுத்தருளென வேண்டிக் களம் புகுகிறான். தான் மடிந்தாற் சீதையை விட்டுவிடுமாறு அப்பொழுதுங் கூறத் தவறவில்லை.

களத்தில் வீடணன் அழைக்க, வளர்த்தவனுக்கு உயிர்கொடாது போகேன் என மறுக்கிறான். ஆயின், தம்பியை இராமனிடமே திரும்பிச் செல்லப் பணிக்கிறான். இறக்கும்பொழுது அவனைக் காக்குமாறு இராமனையே இரக்கிறான். தன் கடமையை அவன் பிறர்க்கு விதியாக்கவில்லை. கடமையே அறமென இப்பாத்திரத்தைக் காட்டி வாதிடுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

அவன் உயிர் அவனுடையது. உண்ட சோற்றுக்கு அது ஈடாகலாம். அவன் கையால் மடிந்த வானரர் இராவணன் சோற்றை உண்டவரல்லர். மூக்கிழந்த தன் முகத்தைப் பிறர் காணாவாறு தலையைக் கடலில் ஆழ்த்த வேண்டுகின்றானே, அவ்விறுதி வேண்டுகோள்களில் அவர்களுக்கு இடமில்லை.