மத்தளம்பாறை மென்பொருளும் கரிசல்காட்டு ஆபீஸும்

தீப்பெட்டி ஆபீஸோ, விசைத்தறிக் கூடமோ, உரக்கடையோ, தென்காசி மாவட்டத்தின் திருவேங்கடம் வட்டாரத்தில் ஒரு சிறுதொழிலின் மொத்த நிர்வாகமும் மூன்று இடங்களில் அடங்கிவிடுகிறது. முதலாளி பெயரில் ஒரு ஜிமெயில், சில எக்ஸெல் கோப்புகள், ஒரு வாட்ஸ்அப் குழு. மூன்றும் மூன்று அமெரிக்க நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. ஜிமெயிலில் 15 ஜிபி நிறைந்ததும் சந்தா கேட்கும். எக்ஸெல்லுக்குப் பலர் வருஷா வருஷம் பணம் கட்டுகிறார்கள், இல்லையென்றால் திருட்டுப் பிரதி. வாட்ஸ்அப் காசு கேட்காது. ஆனால் யார் யாரோடு எப்போது தொடர்பு கொள்கிறார்கள் என்ற விவரம் அதன் உரிமையாளரான மெட்டாவின் கைக்குப் போகும். 2021 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப்பின் புதிய தனியுரிமைக் கொள்கைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இங்கே பலர் காதுக்கு எட்டவே இல்லை.

மாற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், இதே தென்காசி மாவட்டத்திலிருந்து. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான சோஹோ, தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கிறது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019இல் அங்கேயே குடிவந்துவிட்டார். வெளி முதலீட்டாளர் பணம் வாங்காமல் வளர்ந்த நிறுவனம் அது. இலவசக் கணக்கிலும் விளம்பரம் கிடையாது, தகவலை விற்பதில்லை என்று அறிவித்திருக்கிறது. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தன் ஆவண வேலைகளைச் சோஹோவுக்கு மாற்றியதாகச் சொன்னார். அக்டோபரில் அமித் ஷா மின்னஞ்சலை மாற்றினார். அமைச்சர்களுக்குப் பொருந்தியது ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்கும் பொருந்துமா? தெரிந்த ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதும் அண்ணாச்சியோடு உட்கார்ந்து மாற்றிப் பார்த்தேன்.

மெயிலில்தான் உழைப்பு அதிகம், பலனும் அங்கேதான் அதிகம். முதலில் சொந்தமாக ஒரு டொமைன், அதாவது நம் பெயரில் ஓர் இணைய முகவரி, வாங்க வேண்டும். டாட் இன் முகவரி வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பிறகு டொமைன் விற்றவரின் பக்கத்தில் டிஎன்எஸ் பகுதிக்குப் போய், கடிதங்கள் எங்கே வந்து சேர வேண்டும் என்று சொல்ல சோஹோ கொடுக்கும் மூன்று எம்எக்ஸ் வரிகள், ஒரு எஸ்பிஎஃப், ஒரு டிகேஐஎம் எல்லாவற்றையும் ஒட்ட வேண்டும். கடைசி இரண்டும் கடிதம் உண்மையில் நம் டொமைனிலிருந்துதான் வந்தது என்பதற்கான அடையாளம், பலர் அவற்றை விட்டுவிடுகிறார்கள். 2024 பிப்ரவரிக்குப் பிறகு இந்த அடையாளம் இல்லாத கடிதங்களைக் கூகுள் ஸ்பாமில் தள்ளலாம், ஏற்க மறுக்கவும் செய்யலாம். சிவகாசிக்கு அனுப்பிய இன்வாய்ஸ் ஸ்பாமில் கிடந்தால் குற்றம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

“பழைய மெயிலெல்லாம் போயிராதுல்லா தம்பி?” என்று அண்ணாச்சி கேட்டார். அவருக்கு இருந்த பயம் அது ஒன்றுதான், அதுவும் நியாயமான பயம். ஜிமெயிலில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, ஒரு ஆப் பாஸ்வேர்டு உருவாக்கி, சோஹோவின் இறக்குமதிப் பக்கத்தில் கொடுத்தால் பழைய கடிதங்கள் தானாக நகரும். ஜிமெயில் லேபிள்கள் ஃபோல்டர்களாக வந்து சேரும். ‘ஆல் மெயில்’ ஃபோல்டரை மட்டும் விலக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கடிதமும் இரண்டு முறை வந்து இடத்தை அடைக்கும். இரவில் ஓடவிட்டுப் போவது நல்லது. நம் பக்கத்து நெட்டில் பகல் நேரத்தில் இதற்குப் பொறுமை வேண்டும்.

விலை விஷயம். இலவசத் திட்டத்தில் ஒரு டொமைன், ஐந்து பேர், ஆளுக்கு 5 ஜிபி. பிரவுசரிலும் செல்போன் ஆப்பிலும் மட்டும் பார்க்கலாம். அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ இணைக்க ஐமேப் வேண்டும், அதற்குச் சந்தா கட்ட வேண்டும். மெயிலோடு கடிதம் எழுத ரைட்டர், கணக்குக்கு ஷீட் எல்லாம் சேர்ந்த அடிப்படைத் திட்டம், வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால், ஓர் ஆளுக்கு மாதம் நூறு ரூபாயை ஒட்டி வருகிறது. இரண்டு பேர் ஆபீஸுக்கு இது பெரிய செலவே இல்லை. காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யும் நிறுவனத்தை நான் அதிகம் நம்புகிறேன். அதன் வரவு எங்கிருந்து என்பது கண்ணுக்குத் தெரிகிறதே.

சோஹோ ஷீட் எக்ஸெல் கோப்புகளைத் திறக்கிறது, கூலிக் கணக்கு, சரக்குக் கணக்கு எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஆனால் தமிழ்க் கடிதங்களில் ஒரு முடிச்சு இருக்கிறது. நம் ஊர் டைப்பிங் சென்டர்களில் அடித்த பழைய கோப்புகள் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துக் காட்டுபவை. பிரவுசரில் திறக்கும் எந்த எடிட்டரிலும், அது சோஹோ ரைட்டரோ கூகுள் டாக்ஸோ, அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். பஞ்சாயத்துக்குக் கொடுத்த மனுவின் நகலை இப்படித் திறந்து பார்த்தால் வயிறு கலங்கிவிடும். கோப்பு கெடவில்லை. என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்றிவிட்டால் எங்கும் படிக்கலாம். அதுவரைக்கும் லிப்ரே ஆபீஸில் திறங்கள். 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த இலவச, திறமூல மென்பொருள் அது. கம்ப்யூட்டரில் நிறுவியிருக்கும் பாமினியை எடுத்துக்கொள்ளும், நெட் போனாலும் வேலை செய்யும். மின்வெட்டும் நெட்வெட்டும் உள்ள ஊரில் முதல் பிரதியைக் கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸிலும் பகிரும் பிரதியைச் சோஹோவிலும் வைப்பதுதான் என் பரிந்துரை. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் ஆண்டுக்கணக்காக இதுபோன்ற கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகின்றன. நம்மால் முடியாதா என்ன?

சோஹோவின் உலா பிரவுசரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2023இல் வந்தது. குரோமியம் அடித்தளத்தில் கட்டியது என்பதால் குரோம் பழகியவர் கை தடுமாறாது. பின்தொடரும் டிராக்கர்களைத் தானே தடுக்கிறது. வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, பிள்ளைகள் என்று தனித்தனி மோடுகள் உண்டு. ஒரே கம்ப்யூட்டரில் பேங்க் கணக்கும் பிள்ளைகளின் யூடியூபும் ஓடும் வீடுகளுக்கு அது உண்மையிலேயே உதவும்.

வாட்ஸ்அப்புக்கு மாற்றாகச் சோஹோ தரும் அரட்டையில்தான் நான் தயங்குகிறேன். 2021 ஜனவரியில் வெளிவந்து, 2025 செப்டம்பரில் ஒரே வாரத்தில் நாடு முழுக்கப் பரவிய ஆப் அது. மெலிந்த நெட்டிலும் விலை குறைந்த போனிலும் ஓடும்படி செய்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து இதற்குள் கொண்டுவரலாம். ஆனால் அந்தப் பரபரப்பு நாட்களில் அழைப்புகளுக்கு மட்டுமே, நடுவில் நிறுவனம்கூட அறிய முடியாத முழு மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. வாட்ஸ்அப் இதை 2016லேயே செய்துவிட்டது. 2025 கடைசியில்தான் தனிநபர் உரையாடல்களிலிருந்து அரட்டை அதைத் தொடங்கியது. ஆகவே ஆபீஸுக்குள் ஷிப்ட், லோடு, லாரி நம்பர் பேச அரட்டை போதும். மருத்துவ ரிப்போர்ட், குடும்பச் சொத்துப் பேச்சு என்றால் சிக்னல்தான். லாப நோக்கில்லாத அறக்கட்டளை நடத்துவது, மூலநிரல் வெளிப்படையானது, நம்மைப் பற்றி அது வைத்திருக்கும் தகவலும் மிகச் சொற்பம். வெளியூர் வியாபாரிகளுக்காக வாட்ஸ்அப்பும் போனில் இருக்கத்தான் செய்யும், வேறு வழியில்லை.

நம்ம மாவட்டத்து நிறுவனம் என்பதில் எனக்கு நிஜமான பெருமை உண்டு. ஆனால் பெருமையால் பூட்டுப் போட முடியாது. சோஹோவின் மூலநிரல் மூடியது. சோஹோ மெயில் சர்வரில் இருக்கும் கடிதத்தின் சாவி நம்மிடம் இல்லை. ஸ்விட்சர்லாந்தின் புரோட்டான் மெயில் போல நிறுவனமே படிக்க முடியாதபடி கட்டியது அல்ல அது. தகவல் இந்தியாவிலேயே இருப்பதால் இந்தியச் சட்டம் பாதுகாக்கும், அதே சட்டம் கேட்கவும் செய்யும். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்குத் தர இடம் வைத்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர்கள் உட்படச் சுமார் 12 லட்சம் பேரின் அரசு மெயிலே சோஹோவில் இருக்கும் இன்று, அதை இனிச் சின்னக் கம்பெனி என்று சொல்லவும் முடியாது.

அதனால்தான் இந்த மாற்றத்தில் நான் மிக முக்கியமாக நினைப்பது டொமைனை. முகவரி நம் பெயரில் இருந்தால் நாளைக்குச் சோஹோ விலையை ஏற்றினாலும் கொள்கையை மாற்றினாலும் எம்எக்ஸ் வரிகளைத் திருத்திவிட்டு வேறு இடம் போகலாம். விசிட்டிங் கார்டு, பில் புக், பெட்டி லேபிள் எதையும் மாற்றி அச்சடிக்க வேண்டியதில்லை. பல ஆபீஸ்களில் டொமைன், வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரில் கிடக்கிறது. முதலில் அதை உரிமையாளர் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். ஜிஎஸ்டி தளம், பேங்க், பிஎஃப் மூன்றிலும் மெயில் முகவரியை மாற்ற ஓடிபி பழைய முகவரிக்கும் வரலாம். எனவே பழைய ஜிமெயிலை ஃபார்வர்டிங் போட்டு, குறைந்தது ஒரு நிதியாண்டாவது திறந்தே வையுங்கள்.