பூட்டில்லா வாசிப்பின் விலை

சனிக்கிழமை மாலைகளில் செம்பூரில் என் வீட்டுக்கு நான்கைந்து பொறியியல் மாணவர்கள் வருவார்கள். தாராவி 90 அடி ரோட்டிலிருந்தும் கோவண்டியிலிருந்தும் வரும் தமிழ்ப் பிள்ளைகள். இயங்குதளப் பாடத்தில் பீட்டர்சன் தீர்வை எல்லோருமே படித்திருக்கிறார்கள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்கள். ஒரே இடத்துக்குள் இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் நுழையாமல் பார்த்துக்கொள்ள, 1981இல் கேரி பீட்டர்சன் வெளியிட்ட சிறிய நிரல் அது. "நான் உள்ளே போக வேண்டும்" என்று ஆளுக்கொரு கொடி, யார் முறை என்று சொல்ல ஒரு மாறி. அவ்வளவுதான்.

அதை சி மொழியில் அடித்து ஓட்டச் சொன்னேன். இரண்டு த்ரெட்கள், ஒரே எண்ணை ஆளுக்குப் பத்து லட்சம் முறை கூட்ட வேண்டும். கம்பைலர் வரிசையைக் கலைத்துவிடாமல் இருக்க மாறிகளை வாலடைல் என்று குறித்திருந்தார்கள். முடிவு 20 லட்சம் வர வேண்டும். வரவில்லை. ஒருமுறை நாற்பது குறைந்தது, இன்னொரு முறை இருநூறு. "சார், புத்தகத்துல தப்பா?" என்று ஒரு பையன் கேட்டான்.

புத்தகத்தில் தப்பில்லை, புத்தகம் மனத்தில் வைத்திருக்கும் கணினிதான் இப்போது நம் கையில் இல்லை. இன்டெல் பிராசஸரில் ஒவ்வொரு கோரும் தான் எழுதுவதை முதலில் தன் பக்கத்திலுள்ள ஒரு சிறு இடையகத்தில் போட்டுவைக்கும். அது பொது நினைவகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், அடுத்த வரியிலுள்ள வாசிப்பை முடித்துவிடும். இருவரும் கொடியைத் தூக்கிவிட்டார்கள், ஆனால் ஒருவர் கொடி மற்றவர் கண்ணுக்கு இன்னும் தெரியவில்லை. "அவன் வரவில்லை" என்று நம்பி இரண்டு பேருமே உள்ளே போகிறார்கள். கொடி தூக்குவதற்கும் எதிராளியின் கொடியைப் பார்ப்பதற்கும் நடுவே, எழுதியது வெளியே போகும்வரை நில் என்று சொல்லும் ஒரு கட்டளை வேண்டும். அதற்கு மெமரி பேரியர் என்று பெயர். பாடத்திட்டம் சாப்பாட்டு மேசைத் தத்துவஞானிகள் என்ற பழைய புதிருக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைக்கூட இதற்குக் கொடுப்பதில்லை. அந்த மாணவர்களின் பையிலிருக்கும் போனில் எட்டுக் கோர்கள் இருக்கின்றன. தாராவி 13வது காம்பவுண்டில் மறுசுழற்சிக்காகக் கழற்றிப்போடும் பழைய போன்கள் பலவற்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட கோர்கள்தாம். இவ்வளவு பரவிவிட்ட ஒரு விஷயத்தை அபூர்வமான சிக்கலாக எண்ணிப் பாடத்தின் ஓரத்தில் வைப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இந்தச் சிக்கலின் கூர்முனை இயங்குதளத்தின் கெர்னலில்தான் இருக்கிறது. அங்கே எல்லாக் கோர்களும் ஒரே அட்டவணைகளைப் பார்க்கின்றன: கோப்புப் பெயர்களின் பட்டியல், பிணைய வழிகளின் பட்டியல், ஓடிக்கொண்டிருக்கும் செயல்களின் பட்டியல். கோர்கள் நினைவகத்தைப் பகிராமலே கூடி வேலை செய்யலாம். இங்கே செம்பூரை ஒட்டியிருக்கும் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1990களின் தொடக்கத்திலிருந்து உருவாக்கிய அனுபம் வரிசைக் கணினிகளில் கணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டுதான் பெரிய கணக்குகளைப் போட்டன. கெர்னலுக்கு அந்த வசதி கிடையாது. பகிர்வுதான் அதன் தொழில்.

பகிரும் இடத்தில் பூட்டு போடுவது பழைய வழி. வாசிப்பவர் பலர் ஒன்றாக இருக்கலாம், எழுதுபவர் மட்டும் தனியாக இருக்க வேண்டும் என்ற வகைப் பூட்டும் உண்டு. அதிலும் ஒரு வலி மறைந்திருக்கிறது. வாசிக்க வருபவரும் "உள்ளே ஒருவர் கூடியிருக்கிறார்" என்று பூட்டின் எண்ணிக்கையை ஏற்றியாக வேண்டும். ஏற்றுவது என்றால் எழுதுவது. அந்த ஒரு எண் இருக்கும் கேஷ் வரி கோருக்குக் கோர் பறந்துகொண்டே இருக்கும். எதையும் மாற்றாத வாசகர்களே ஒருவரையொருவர் தாமதப்படுத்துகிறார்கள்.

இதற்கு விடையாக வந்தது ரீட்-காப்பி-அப்டேட், சுருக்கமாக ஆர்சியு. இந்தக் கட்டுரை எடைபோட நினைப்பது இந்த முறையைத்தான்.

மாட்டுங்காவில் வாழையிலைச் சாப்பாடு போடும் ஒரு மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று விலை ஏறுகிறது. ஷட்டரை இறக்கி, எல்லோரையும் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, பலகையை மாற்றித் திரும்பத் திறக்கலாம். பூட்டு செய்வது இதைத்தான். இன்னொரு வழியும் உண்டு. புதுப் பலகையை உள்ளறையில் முழுசாக எழுதி முடித்து, ஒரே நொடியில் பழையதின் இடத்தில் மாட்டுவது. ஏற்கெனவே உட்கார்ந்தவர்கள் பழைய விலைக்கே சாப்பிட்டு எழுந்திருக்கலாம். புதிதாக வருபவர்களுக்குப் புது விலை. மாற்றிய நேரத்தில் பந்தியில் இருந்தவர்களில் கடைசி ஆள் கை கழுவும்வரை பழைய பலகையைத் தூக்கிப் போடக் கூடாது. சாப்பிடுகிற யாரையும் யாரும் நிறுத்துவதில்லை. காத்திருக்க வேண்டியவர் முதலாளி மட்டும்தான். ஆர்சியுவில் அந்தக் காத்திருப்புக்கு கிரேஸ் பீரியட் என்று பெயர். ஒருவரின் வேலையை நடுவில் பறிக்காத கெர்னலில், ஆர்சியு வாசிப்பைத் தொடங்குவதற்கான அழைப்பு ஒரு கட்டளையாகக்கூட மாறுவதில்லை. வாசகருக்குச் செலவு சுழியம்.

இது லினக்ஸுக்கு வந்ததில் நம் நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. சீக்வெண்ட் என்ற நிறுவனத்தின் யூனிக்ஸ் வகை இயங்குதளத்துக்காக பால் மெக்கென்னியும் ஜான் ஸ்லிங்வைனும் உருவாக்கி 1998இல் கட்டுரையாக வெளியிட்ட உத்தி இது. 1999இல் சீக்வெண்டை ஐபிஎம் வாங்கியது. 2001இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் வந்த ஆர்சியு கட்டுரையின் ஆசிரியர்களில் ஐபிஎம்மின் பெங்களூரு லினக்ஸ் மையத்தைச் சேர்ந்த தீபங்கர் சர்மாவும் மனீஷ் சோனியும் இருந்தார்கள். 2002 அக்டோபரில், 2.5.43 பதிப்பில், சர்மாவின் பேட்ச் வழியாகத்தான் ஆர்சியு கெர்னலுக்குள் நுழைந்தது. கோப்புப் பெயரைத் தேடும்போது எல்லோரும் ஒரே பூட்டுக்கு முன்னால் வரிசையில் நின்ற நிலையை ஆர்சியு கொண்டு தளர்த்தும் வேலையையும் இவர்கள் செய்தார்கள். மும்பையில் ஒரு மாணவர் போனில் ஒரு படத்தைத் திறக்கும்போது, பாதையில் எங்கோ அந்த வேலையின் வழித்தோன்றல் ஓடுகிறது. நம் வகுப்பறைகளில் இந்தப் பெயர்களை நான் கேட்டதேயில்லை.

ஆர்சியுவின் பலம் வேகம் மட்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வரிசையைக் காக்கும் பொறுப்பை அது ஒரு பெயருக்குள் பொதிந்து கொடுத்தது. அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒருகாலத்தில் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இன்டெல் பலகையில் ஆண்டுக்கணக்கில் பிசகாமல் ஓடிய ஒரு டிரைவரை ஆர்ம் பலகைக்கு மாற்றினோம். ஒரு பதிவை நிரப்பி, பிறகு அதைக் காட்டும் பாயின்டரை எழுதும் நிரல். ஆர்ம் எழுத்துகளை வேறு வரிசையில் வெளியே காட்டலாம். இன்டெல் அப்படிச் செய்யாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை, நிரப்பாத பதிவை எதிர்க் கோர் படித்துக் குப்பையை அனுப்பியது. மெஸ்ஸில் எழுதாத வெற்றுப் பலகையை மாட்டியதுபோல. கண்டுபிடிக்க ஒரு அச்சு வரி சேர்த்தால் பிழை மறைந்துவிடும். எடுத்தால் திரும்ப வரும். மூன்று வாரம் போனது. திருத்தம் ஒரே வரி. ஆர்சியுவில் பாயின்டரை வெளியிடுவதற்கென்று உள்ள அழைப்பைப் பயன்படுத்தியிருந்தால் அந்த வரி அதற்குள்ளேயே இருந்திருக்கும். "முதலில் எழுது, பிறகு மாட்டு" என்ற கட்டுப்பாட்டை ஒரு பெயரைப் படித்தாலே புரியும்படி செய்தது சிறிய காரியமில்லை.

இனிக் குறைகள். முதல் குறை மெஸ் உதாரணத்திலேயே இருக்கிறது. கை கழுவாமல் ஒருவர் உட்கார்ந்தே இருந்தால்? பழைய பலகைகள் சேர்ந்துகொண்டே போகும். 2.6 தொடரின் தொடக்க காலத்தில் இது நடந்தது. பாக்கெட்டுகளை வெள்ளமாக அனுப்பும் தாக்குதலில், கோர் பிணைய வேலையை விட்டு வெளியே வரவே முடியவில்லை. அதனால் கிரேஸ் பீரியட் முடியவில்லை. கழிக்க வேண்டிய வழிப் பதிவுகள் குவிந்து நினைவகம் தீர்ந்தது. இதற்கு சர்மா ஆர்சியுவின் இன்னொரு வகையை உருவாக்கினார்: பிணைய வேலையின் ஒரு சுற்று முடிந்தாலே வாசகர் எழுந்துவிட்டார் என்று அது கணக்கு வைத்தது. அந்த நேரத்தில் அது சரியான தீர்வு. ஆனால் அதனால் வகைகள் பெருகின. வாசகர் ஒரு வகையில் உட்கார்ந்திருக்க, எழுதுபவர் வேறொரு வகையின் பந்தி முடிந்ததைப் பார்த்துப் பலகையை எறிந்துவிட்டால் காப்பு எதுவும் இல்லை. அப்படியொரு குழப்பம் பாதுகாப்பு ஓட்டையாகவே வெளிப்பட்டது. இதற்கு வழி காண வேண்டும் என்று லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் கேட்க, 2018 டிசம்பரில் வந்த 4.20 பதிப்பில் முக்கியமான மூன்று வகைகளும் ஒன்றாக இணைந்தன. ஒரு நல்ல திருத்தம் உண்டாக்கிய பிழையைச் சரிசெய்யப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இரண்டாவது குறைதான் என்னை உறுத்துவது. பூட்டு கண்ணுக்குத் தெரியும்: எங்கே போட்டோம், எங்கே எடுத்தோம், எதைக் காக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். ஆர்சியுவின் காப்பு காலத்தில் இருக்கிறது. வாசகர் இன்னும் பந்தியில் இருக்கிறாரா என்பது நிரலின் எந்த ஒரு வரியிலும் இல்லை. 2023இல் வெளியான, லினக்ஸ் கெர்னலின் ஸ்டாக்ராட் என்ற பாதுகாப்பு ஓட்டை இதற்கு நல்ல சாட்சி. 6.1 பதிப்பில் செயல்களின் நினைவகப் பகுதிகளைப் பதிந்துவைக்க மேப்பிள் மரம் என்ற புதிய அமைப்பு வந்தது. அதன் பழைய கணுக்களை ஆர்சியு கழித்தது. ஆனால் வாசகர்களில் சிலர் ஆர்சியு வாசகராகப் பதியாமல், வேறொரு பூட்டின் வாசிப்புப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அதுவே போதும் என்று நம்பினார்கள். செயலின் அடுக்கு (ஸ்டாக்) விரியும்போது அந்த வாசிப்புப் பூட்டின் கீழேயே கணு மாறியது. கழித்துவிட்ட நினைவகத்தை வாசகர் தொட்டார். இரண்டு காப்புகளும் தனித்தனியே சரி. சேர்த்து வைத்தபோது நடுவில் ஆள் நுழையும் இடைவெளி.

கம்பைலரோடு உள்ள உடன்படிக்கையும் பலவீனமானது. வாசகர் பாயின்டரைப் படித்து, அது காட்டும் இடத்தைப் பிறகு படிப்பார். முன்னது இல்லாமல் பின்னது நடக்காது என்பதால் பெரும்பாலான பிராசஸர்களில் இந்த வரிசைக்குத் தனிக் கட்டளை வேண்டாம். டெக் ஆல்பா விதிவிலக்கு. ஆனால் அந்தப் பாயின்டரை ஏற்கெனவே தெரிந்த ஒரு முகவரியோடு நீங்கள் ஒப்பிட்டுவிட்டால், "இரண்டும் ஒன்றுதானே" என்று கம்பைலர் தெரிந்த முகவரியையே எடுத்துக்கொள்ளலாம். சார்பு அறுந்துவிடும், வரிசையும் போய்விடும். இதற்காகவே 2011இன் சி மொழித் தரத்தில் கன்ஸ்யூம் என்ற ஒரு ஒழுங்குமுறையைச் சேர்த்தார்கள். கம்பைலர்கள் அதை முறையாகச் செயல்படுத்தவில்லை. அதைவிடக் கடுமையான இன்னொன்றாகவே மாற்றிவிடுகின்றன. ஆகவே கெர்னல் இன்றும் மொழித் தரத்தை நம்பாமல், எழுதுபவர்கள் பின்பற்ற வேண்டிய எச்சரிக்கைப் பட்டியலை நம்பியிருக்கிறது. உலகத்துப் போன்களில் பாதிக்கு மேல் ஓடும் ஒரு மென்பொருளின் அடித்தளம் எழுதுபவரின் கவனத்தை இவ்வளவு நம்பியிருப்பதை என்னால் பலமாக ஏற்க முடியவில்லை.

2018இல் 4.17 பதிப்போடு வந்த லினக்ஸ் கெர்னல் நினைவக மாதிரி இந்த இடத்தில்தான் பெரிய ஆறுதல். ஜேட் ஆல்க்லேவ், லூக் மராஞ்சே, ஆண்ட்ரியா பாரி, ஆலன் ஸ்டெர்ன், மெக்கென்னி ஆகியோர் எந்த வரிசை நடக்கலாம், எது நடக்கவே கூடாது என்பதைக் கணிதமாக எழுதி, கருவி படிக்கும் வடிவில் வைத்தார்கள். கிரேஸ் பீரியட்டும் அதற்குள் உண்டு. சில வரிச் சோதனை நிரல்களைத்தான் அது தாங்கும். மேப்பிள் மரம் போன்ற ஒன்றை முழுதாகச் சோதிக்க அதனால் முடியாது. 2020இல் கெர்னலில் சேர்ந்த, போட்டி அணுகல்களை ஓட்டத்திலேயே பிடிக்கும் கருவி அந்தக் குறையைக் கொஞ்சம் நிரப்புகிறது. ஆர்சியு கெர்னலுக்குள் வந்து 16 ஆண்டுகள் கழித்தே இந்த மாதிரி வந்தது. முன்பே வந்திருக்க வேண்டும் என்பது என் குறை. வாசிப்பு மிகுந்து எழுத்து அரிதாக இருக்கும் இடத்தில் ஆர்சியுவுக்கு இணையான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் "இலவச வாசிப்பு" என்று சொல்லி அதைக் கற்பிப்பது தவறு. செலவு எழுதுபவரிடமும், நினைவகத்திடமும், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நிரலைத் திருத்த வருபவரிடமும் போய்ச் சேர்கிறது.

அடுத்த சனிக்கிழமை மாணவர்கள் பீட்டர்சன் நிரலில் பேரியரைச் சேர்த்தார்கள். 20 லட்சம் துல்லியமாக வந்தது. இருபது முறை ஓட்டிப் பார்த்தும் வந்தது. "இப்ப சரின்னு எப்படி சார் தெரியும்?" என்று போன வாரம் கேட்ட அதே பையன் கேட்டான். பேரியர் இல்லாத கொடிப் பகுதியை ஏழெட்டு வரியில் சுருக்கி அந்த நினைவக மாதிரிக் கருவியிடம் கொடுத்தோம். இருவரும் ஒன்றாக நுழைவது சில நேரம் நடக்கும் என்றது. பேரியரைச் சேர்த்துக் கொடுத்தோம். ஒருபோதும் நடக்காது என்றது. அன்று அவர்கள் வீட்டுக்குக் கிளம்ப மணி ஒன்பதாகிவிட்டது.