பேய்க்குச் சேலை கட்டியவர் யார்?

இரவு பத்து மணிக்கு மேல் ஓசூர்ச் சாலையோரம் நின்று பாருங்கள். ஆலைப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். ஷிப்டு முடித்த பெண்கள் இறங்குவர். பையை நெஞ்சோடு அணைத்தபடி, இருவர் மூவராக, விளக்கில்லாத சந்துகளில் விரைந்து நடப்பர். அவர்களை விரட்டுவது பேயா? அன்று! எதற்கு அஞ்சுகின்றனர் என்பதை அவர்கள் அறிவர்; விழித்திருக்கும் அன்னையர் அறிவர்; சந்து முனையில் சாய்ந்து நிற்பவனும் அறிவான்.

அதே சாலையின் சுவரிலே ஒரு பேய்ப்படச் சுவரொட்டி. விரித்த கூந்தல், வெள்ளைச் சேலை, சிவந்த விழி. பேய் பெண்ணாம், ஆண் அலறி ஓடுகிறானாம்! சாலையில் நடப்பது ஒன்று. சுவரில் ஒட்டப்பட்டிருப்பது அதன் தலைகீழ்.

நாம் ஆசிரியப் பணி புரிவது இந்த எல்லைப் பகுதியிலேதான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வகுப்பில் அடுத்தடுத்த பலகையில் அமர்ந்திருக்கும். ஒருநாள், பேயை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டோம். 'தெய்யம்' என்றான் தெலுங்கு பேசும் சிறுவன். 'தெவ்வ' என்றாள் கன்னடம் பேசும் சிறுமி. இரண்டுமே தெய்வம் என்னும் சொல்லுக்கு உறவுடையவை! கும்பிட்டால் தெய்வம், அஞ்சினால் பேய். இடையே உள்ள வேலி எத்துணை மெல்லியது! பேய் ஆணா, பெண்ணா என்று அடுத்துக் கேட்டோம். வகுப்பு முழுதும் ஒரே குரலில் 'பெண்' என்றது. பின்பலகையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அப்படியானால் செத்துப்போன ஆண்களெல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். வீடு திரும்பிய பின்னும் கேள்வி நம்மை விடவில்லை.

பழையனூர் நீலியின் கதையை எண்ணிப் பாருங்கள். கட்டிய கணவனே கொன்றான். பேயாகி வந்து பழி தீர்த்தாள் என்பது கதை. அந்தக் கதையிலிருந்து நம் மொழி எடுத்துக்கொண்ட சொல் என்ன? கொலையைக் குறிக்கும் சொல்லா? இல்லை! 'நீலிக் கண்ணீர்' என்றோம். பொய்யழுகைக்கு அவள் பெயரைச் சூட்டினோம். கொன்றவன் பெயரை மறந்துவிட்டோம். கொல்லப்பட்டவளின் கண்ணீரைப் பொய் என்றோம். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில், 1990களில், இரவில் வந்து கதவு தட்டும் பெண் பேயை ஏமாற்ற வாயிற்கதவிலே 'நாளே பா', அதாவது 'நாளைக்கு வா' என்று எழுதி வைத்தனர். பேய்க்கும் கன்னடம் படிக்கத் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை போலும்!

திரைக்கு வருவோம். 2005-இல் வந்த 'சந்திரமுகி' மனநோய் என்று மருத்துவம் பேசிற்று. பேசிய வாயாலேயே மந்திரவாதியையும் துணைக்கு அழைத்துக்கொண்டது. அதன் பின் வந்தவை எத்தனை! வாய்பாடு மட்டும் மாறவில்லை. பெண் ஒருத்திக்குக் கொடுமை, அவள் சாவு, பேயாக மீட்சி, பாதி நகைச்சுவை, பாதி அலறல், ஈற்றில் கோயில் மணி, வேப்பிலை, திருநீறு. கொடுமை ஐந்து நிமிடம், அலறல் இரண்டு மணி நேரம்!

ஆகவே, பேய்ப்படம் என்றாலே மூடநம்பிக்கைச் சரக்கு, பகுத்தறிவாளனுக்கு அங்கே என்ன வேலை என்று தோழர்கள் கேட்பது இயல்பு. நாமும் நெடுநாள் அப்படித்தான் எண்ணினோம். இப்போது அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறோம். ஏன்?

அச்சம் ஒரு கருவி. அதை யார் கையாள்கின்றனர் என்பதே கேள்வி. 1952-இல் வந்த 'பராசக்தி'யை நினைவு கூருங்கள். கோயிலுக்குள் பூசாரியின் பிடியில் தங்கை தவிக்கிறாள். பின்னர் சிலையின் பின்னாலிருந்து குரல் எழுகிறது. கல்லுக்குப் பின்னே மனிதன்! திடுக்கிட வைக்கும் வித்தையைப் பகுத்தறிவின் பக்கம் திருப்பிய காட்சி அது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். கதறியவள் தங்கை, பேசியவன் அண்ணன். அவளுடைய அச்சத்தை அவளே பேச வேண்டுமென்றால், கதை எழுதும் பேனாவும் படக்கருவியும் அவள் கைக்கு வரவேண்டும்.

வராமலும் இல்லை. பிரெஞ்சுப் பெண்மணி ஆலிஸ் கீ, எட்கர் ஆலன் போவின் அச்சக் கதையொன்றை 1913-இலேயே அமெரிக்காவில் படமாக்கினார். தமிழில் டி. பி. ராஜலட்சுமி 1936-இல் 'மிஸ் கமலா'வை எழுதித் தயாரித்து இயக்கினார். தொடக்கம் இருந்தது, தொடர்ச்சிதான் இல்லை. அண்மை ஆண்டுகளில் பெண்கள் எடுத்த சில படங்கள் அந்த இடைவெளியை நிரப்ப முனைகின்றன. அவற்றுள் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, அன்விதா தத் இயக்கி 2020-இல் இணையவழி வெளிவந்த இந்திப் படம் 'புல்புல்'. நடிகை அனுஷ்கா சர்மாவின் நிறுவனம் தயாரித்தது. ஆகவே தனித்து நின்று எடுத்த எளிய படம் என்று இதைச் சொல்வதற்கில்லை. கதை 1881-ஆம் ஆண்டு வங்கத்தில் நிகழ்கிறது. மரமேறி விளையாடும் சிறுமியைப் பெரிய வீட்டு முதியவருக்கு மணமுடிக்கின்றனர். காலில் மெட்டி எதற்கு என்று குழந்தை கேட்கிறாள். பெண் கைமீறிப் பறந்துவிடாதிருக்க என்னும் பொருள்பட மறுமொழி வருகிறது. பின்னாளில் ஐயங்கொண்ட கணவன் அந்தக் கால்களையே அடித்து நொறுக்குகிறான். அதன் பின், காட்டில் கால் திரும்பிய பேய் ஒன்று ஆடவரைக் கொல்கிறது என்று ஊர் நடுங்குகிறது. நம்மூர்ப் பேய்க்குக் காலே இல்லை என்பர். வடநாட்டுப் பேய்க்குக் கால் பின்னோக்கித் திரும்பியிருக்கும் என்பர். அந்தக் காலைத் திருப்பியவன் யார் என்று கேட்கிறார் இயக்குநர். பேய்க்கதையின் ஓர் உறுப்பை எடுத்து, அதற்குள் ஒளிந்திருந்த அடிதடி வழக்கை வெளியே இழுத்துப் போடுகிறார். இதுவன்றோ ஆராய்ச்சி!

குறையும் உண்டு. அடிக்கும் காட்சியை மெல்ல மெல்ல ஓடவிட்டு, செவ்வண்ணம் தோய்த்து, ஓவியம் போலாக்கிவிட்டார். துன்பம் அழகாகத் தெரிந்தால் பார்ப்பவன் நெஞ்சு சுடாது, கண் குளிரும்.

1881 என்றோ கழிந்த காலம், இன்று ஏது குழந்தை மணம் என்று எவரும் ஆறுதல் கொள்ள வேண்டா. 2025 மார்ச்சில், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி மலைப்பகுதியில், பெங்களூரில் மணம் முடிக்கப்பட்ட 14 வயதுச் சிறுமியைக் கதறக் கதறத் தூக்கிச் சென்ற காட்சியை நாடே கண்டது. அது எந்த இயக்குநரும் எடுத்த படமன்று. வழியில் நின்றவர் கைப்பேசி எடுத்த படம். அதிலே பேய் எது? சேலை கட்டியதா, சட்டை போட்டதா?

இரண்டாவது, லீனா மணிமேகலையின் தமிழ்ப்படம் 'மாடத்தி'. பேய்ப்படம் என்ற முத்திரையோடு வந்ததன்று. ஆயினும் அச்சமே அதன் உயிர். 2019-இல் தென்கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, 2021-இல் இணையவழி மக்களை எட்டியது. பெரிய நிறுவனத்தின் நிழலில் எடுக்கப்பட்டதன்று.

புதிரை வண்ணார் குடும்பத்துச் சிறுமி யோசனா. தீண்டாமைக்கும் கீழே ஒரு படுகுழி உண்டு. அதன் பெயர் காணாமை. தாழ்த்தப்பட்டோரின் துணிகளையும், தீட்டுத் துணிகளையும், பிணத்தின் துணிகளையும் வெளுக்கும் இம்மக்கள் பிறர் கண்ணில் படலாகாது. ஆள் அரவம் கேட்டால் புதருக்குள் ஒளிய வேண்டும். கற்பனை என்பீர்களா? திருநெல்வேலி மாவட்டத்தில் பகலில் வெளிவரத் தடைசெய்யப்பட்டு, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே வேலை செய்து முடிக்க வேண்டியிருந்த இம்மக்களைப் பற்றி 1932 டிசம்பரில் 'இந்து' நாளேடு செய்தி வெளியிட்டது. அண்ணல் அம்பேத்கரும் அதைத் தம் எழுத்தில் எடுத்துக்காட்டியிருக்கிறார். தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! நள்ளிரவில் நடமாடும் உருவம், ஆற்றங்கரையில் கேட்கும் ஓசை, கண்டால் தீங்கு என்ற நடுக்கம் ஆகிய இவையெல்லாம் பேயின் அடையாளம் என்றோமே! உயிருள்ள மனிதரை அப்படியே வாழச் செய்துவிட்டு, பேய்க்கதையும் கட்டிய சமுதாயமன்றோ இது!

யோசனா ஒளிய மறுக்கும் வயதினள். ஆறும் காடும் அவளுக்கு விளையாட்டுத் தோழர்; இளைஞன் ஒருவனை மறைந்திருந்து பார்க்கும் ஆவலும் உண்டு. காணக்கூடாதவள் என்று ஒதுக்கியவர்களே இருட்டில் அவளைத் தேடிக் காண்கின்றனர். பகலில் தீட்டு, இரவில் தீட்டு இல்லை! சிதைக்கப்பட்ட சிறுமி பின்னர் 'மாடத்தி' என்னும் தெய்வமாகிறாள். இக்கதை நமக்குச் சொல்லப்படுவது எவ்வாறு? புதுமணப் பெண் ஒருத்தி வழியில் மாதவிலக்காகி, துணி தேடிச் செல்லும் இடத்தில் கதை விரிகிறது. தீட்டு என்று ஒதுங்க வேண்டியவள் ஒருத்தியின் காதிலேதான் தெய்வம் பிறந்த கதை விழுகிறது.

படம் முடிந்த பின் நம் நெஞ்சிலே ஓடியது தென்கோடி ஆறன்று, காவிரி. 2018 நவம்பரில், ஓசூர்ப் பக்கம் சாதி கடந்து மணந்த இளம் இணையர் பெண்வீட்டாரால் கொல்லப்பட்டு, எல்லை தாண்டிக் கர்நாடகத்துக் காவிரியில் வீசப்பட்டனர். ஆறு உடல்களைத் திருப்பித் தந்தது, அதனால்தான் செய்தியாயிற்று. ஆறு மறைத்திருந்தால்? நூறாண்டு முன்னர் நடந்திருந்தால்? கரையோரம் ஒரு கல் நட்டிருப்பர். ஆண்டுக்கொரு முறை பொங்கல் வைத்திருப்பர். கொன்றவரின் பேரப்பிள்ளைகளும் வந்து கும்பிட்டிருப்பர்!

இங்கேதான் இவ்விரு படங்களோடும் நமக்கு வழக்கு. 'புல்புல்' காளியின் சாயலை நாடுகிறது. 'மாடத்தி' தெய்வத்தில் முடிகிறது. கொல்லப்பட்டவளுக்குக் கோயில் கட்டுவது நீதியாகுமா? அது ஊரார் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளும் மன்னிப்பு. உயிரோடு இருந்தபோது ஒரு முழத் துணி தர மறுத்தவர்கள், சிலையானதும் பட்டுச் சாத்துகின்றனர். அவள் பழி தீர்த்தாள் என்று கதை கட்டிவிட்டால் வழக்கும் முடிந்தது, கணக்கும் தீர்ந்தது! இருப்பினும் லீனாவுக்கு ஒரு நன்றி கூறவேண்டும். தெய்வம் வானிலிருந்து இறங்குவதாக அவர் காட்டவில்லை. ஊராரின் குற்றத்திலிருந்து முளைப்பதாகக் காட்டினார். கோயிலுக்குச் செல்லும் தாய்மாரிடம் தெய்வம் இல்லை என்று நாம் நூறு முறை கூறியிருக்கிறோம். 'இந்தத் தெய்வம் எப்படிப் பிறந்தது தெரியுமா?' என்று கேட்கும் இப்படம், நம் நூறு சொற்பொழிவுகள் திறவாத கதவைத் திறக்கக்கூடும்.

மூன்றாவது படம் தொலைநாட்டது. ஆஸ்திரேலியாவின் ஜெனிபர் கென்ட் 2014-இல் எடுத்த 'தி பாபடூக்'. பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவமனை செல்லும் வழியில் கணவனைக் கார் விபத்தில் இழந்த கைம்பெண். பிறந்த மகனுக்கு இப்போது வயது ஏழு நிறையப்போகிறது. உறக்கமில்லை, உதவிக்கு ஆளில்லை. மகன் மீதே சினம் மூள்கிறது. அதை வெளியே சொல்ல உலகம் விடவில்லை. தாய் என்றால் அன்பு வடிவம் அன்றோ! சொல்ல முடியாத துயரமும் சினமும் ஒரு கதைப்புத்தகத்திலிருந்து கரிய உருவாக எழுகின்றன. இதை ஓட்ட மந்திரவாதி வருகிறானா? இல்லை. சாமியாடி வருகிறானா? இல்லை. அவளே எதிர்த்து நிற்கிறாள், அடக்குகிறாள், அழித்துவிடவில்லை. வீட்டின் நிலவறையில் வைத்து, புழுக்களைத் தின்னக் கொடுத்து, அதனோடு வாழக் கற்றுக்கொள்கிறாள். துயரம் ஓட்டக்கூடியதன்று, அறிந்து ஆளக்கூடியது என்பதே இதன் பொருள். உடுக்கை ஒலிக்காத பேய்ப்படம்! நம் கண்ணோட்டத்துக்கு மூன்றிலும் நெருங்கி நிற்பது இதுவே. பெரிய அரங்க அமைப்புக்குப் பணம் போதாமல், அந்த இயக்குநர் பொதுமக்களிடம் கையேந்தி ஏறத்தாழ 30,000 டாலர் திரட்டினார் என்பதையும் கூறிவைப்போம்.

பணம் ஒரு தடை என்றால், முத்திரை மற்றொரு தடை. லீனாவின் முந்தைய படம் 'செங்கடல்' தணிக்கை வாரியத்தால் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் போராடிய பின் 2011-இல் சான்றிதழ் பெற்றது. அந்தத் தீர்ப்பாயமே 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. இனி மறுக்கப்படுவோர் உயர்நீதிமன்றப் படியேற வேண்டும். கோடி போட்டவர் ஏறுவார். கையில் உள்ளதை விற்றுப் படமெடுத்த பெண் எப்படி ஏறுவாள்? திருநீறு பூசி முடியும் பேய்ப்படத்துக்கு ஊர்தோறும் கொட்டகை. ஊரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் படத்துக்குக் கொட்டகை இல்லை!

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிப்பகத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டுங்கள். உரிய இசைவு பெற்று இத்தகைய படங்களைத் திரையிடுங்கள். பெண்களை முன்வரிசையில் அமரச் செய்யுங்கள். படம் முடிந்ததும் முதலில் அவர்கள் பேசட்டும். நாம் பேச நிறைய நாள் இருக்கிறது. கேட்கத்தான் நாம் இன்னும் பழகவில்லை.

அந்த மாணவியின் கேள்விக்கு மறுநாள் வகுப்பில் விடை கூறினோம். செத்துப்போன ஆண்கள் எங்கும் போகவில்லை, அம்மா. கதை சொல்பவர்களாக அவர்கள் இருந்தார்கள், ஆகவே தங்களைக் கதையில் பேயாக வைத்துக்கொள்ளவில்லை என்றோம். அவள் சற்று நேரம் எண்ணினாள். பிறகு, "அப்படியென்றால் இனிமேல் நாங்கள் சொல்கிறோம்" என்றாள்.

இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை.