கலப்புக் குட்டியின் முதுகு

வெள்ளிக்கிழமை விடியலில் செஞ்சிச் சந்தைக்குப் போனால் ராஜகிரிப் பாறை இன்னும் கருப்பாகவே நிற்கும். கீழே ஒரே செம்மறிச் சத்தம். வியாபாரி வாய் திறப்பதில்லை. நாலு விரலை இடுப்பெலும்பின் மேல் வைத்து மெல்ல அழுத்துவார், வால் அடியைப் பிடித்துப் பார்ப்பார், உதட்டை விலக்கிப் பல்லை எண்ணுவார்.

எனக்குப் பிடித்தது கலப்புக் குட்டிதான். தாய் நம் பக்கத்து மெட்ராஸ் சிவப்பு: செம்மண் நிறம், கம்பளியில்லாத குட்டை மயிர், காய்ந்த கரம்பிலும் மேய்ந்து பிழைக்கும் பிடிவாதம். அப்பன் நெடுங்கால் நெல்லூர்க் கெடா. குட்டியிடம் இரண்டும் இருக்கும், நன்றாக அமைந்தால் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும். பிறந்த ஈரம் காய்வதற்குள் எழுந்து மடியை முட்டுகிற அந்தத் துடிப்பைத்தான் கால்நடைப் புத்தகங்கள் கலப்பு வீரியம் என்கின்றன. முதல் தலைமுறைக்குத்தான் அது முழுசாக வாய்க்கும். கலப்புகளையே தங்களுக்குள் சேர்த்தால் பாதி கரைந்துவிடும். ஆகவே பட்டிக்காரருக்குக் கெடா மாற்றும் பொறுமை வேண்டும், எது எதற்குப் பிறந்தது என்ற ஞாபகமும் வேண்டும். எல்லாக் கலப்பும் தேறுவதில்லை என்பது வேறு விஷயம். தேறியதைத் தொட்டால் முதுகெலும்பு விரலுக்குத் தட்டாது. இளஞ்சூடும், மயிருக்கடியில் ஒரு இறுக்கமும். துண்டுக்கடியில் விரல்கள் விலை பேசுகின்றன. குட்டி அதற்குள் யாரோ கட்டியிருந்த வேப்பங்கொத்தை இழுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டது.