ஐந்து ஓவியம், ஒரு மணி நேரம்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பென்டன்வில் என்றொரு சிற்றூர். வால்மார்ட் நிறுவனத்தின் தலைமையகம் இருப்பதைத் தவிர வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கக் காரணம் இருக்கவில்லை. 2011 நவம்பரில் அங்கே கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. எழுப்பியவர் வால்மார்ட் குடும்பத்து ஆலிஸ் வால்டன். கட்டடத்தை வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. பெரிய கலைக்கூடம் எதையும் பார்த்திராத வட்டாரம் அது. பள்ளிப் பிள்ளைகளைச் செலவில்லாமல் அழைத்துவர நன்கொடையும் சேர்ந்தது. பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு, ஆசிரியர் வெளியே வந்துவிட்டால் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாற்று ஆசிரியரின் ஊதியம்வரை அதிலேயே அடங்கின. 525 பள்ளிக் குழுக்கள் விண்ணப்பித்தன. எல்லோருக்கும் இடமில்லை.

அந்த இடநெருக்கடியை ஜே கிரீன், பிரையன் கிசிடா, டேனியல் போவன் என்ற ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஏறக்குறைய ஒத்த குழுக்களைச் சேர்த்துவைத்து, குலுக்கலில் வந்தவர்களை உடனே அழைத்தார்கள், மற்றவர்களைப் பிறகு வரச் சொன்னார்கள். 123 பள்ளிகளின் 10,912 மாணவர்களிடமும் 489 ஆசிரியர்களிடமும் கேள்வித்தாள் நிரப்பி வாங்கினார்கள். அருங்காட்சியகக் கல்வியைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி, பிள்ளைகள் மிகவும் மகிழ்ந்தார்கள் என்ற வகை நற்சான்றுதான். அந்தக் குவியலுக்கு நடுவே இப்படியொரு குலுக்கல் ஆய்வு வருவது அரிது. 2013-இல் முடிவுகள் வெளியானதும் உலகெங்கும் கலைக்கூடக் கல்வித் துறையினர் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நிதி கேட்கும் விண்ணப்பங்களில் அது மேற்கோளானது. பள்ளிகள் பயணங்களை வெட்டிக்கொண்டிருந்த நேரம் வேறு. 2010-11 கல்வியாண்டில் அமெரிக்கப் பள்ளிகளில் பாதிக்கு மேல் திட்டமிட்ட பயணங்களைக் கைவிட்டிருந்தன. ஆகவே இந்த ஆய்வின் மேல் ஏற்றப்பட்ட பாரம் பெரியது. அது தாங்குமா என்பதுதான் கேள்வி.

நடந்ததைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது, அவ்வளவு குறைவு. ஒரு மணி நேரச் சுற்று. பொதுவாக ஐந்து ஓவியங்கள். அருங்காட்சியக ஆசிரியர் ஓவியத்தின் பெயரையும் வரைந்தவரின் பெயரையும் சொல்லி, சுருக்கமாக ஒரு விளக்கம் தருவார். பிறகு பேசுவது பிள்ளைகள்தான். அவர்கள் கேட்டால் மட்டும் மேற்கொண்டு சொல்வார். முழுப் பயணமும் அரை நாளுக்குள் முடிந்துவிடும். (என் பள்ளிக் காலத்து அருங்காட்சியகப் பயணத்தில் ஒரே காலையில் எல்லாக் கூடத்தையும் கடந்தோம். இன்று நினைவிருப்பது, ‘தொடாதே, வரிசை கலையாதே’ என்ற குரல் மட்டும்.)

வாரங்கள் கழித்துக் கேட்டபோது இந்தப் பிள்ளைகளுக்கு நினைவிருந்தது என்ன? ஈஸ்ட்மன் ஜான்சனின் ஓவியம் ஒன்றில் காட்டுக்குள் மேப்பிள் சாறு காய்ச்சுகிறார்கள். அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரையை ஒதுக்க, அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் மேப்பிள் சர்க்கரையைக் கையிலெடுத்த கதை அதற்குள் இருக்கிறது. அந்த ஓவியத்தைப் பார்த்தவர்களில் 88 விழுக்காட்டினர் இதைச் சரியாகச் சொன்னார்கள். நார்மன் ராக்வெல்லின் ‘ரோஸி’ ஓவியம் போர்க்காலத் தொழிற்சாலைகளில் பெண்களின் பங்கைக் காட்டுவது என்று 82 விழுக்காட்டினர் சொன்னார்கள். தாமஸ் ஹார்ட் பென்டனின் ஓவியத்தில் உழவர் தன் பயிரைத் தானே உழுது அழிக்கிறார். பெருமந்தக் காலத்தில் விலை சரியாமல் இருக்க அரசு வகுத்த திட்டம் அது என்று 79 விழுக்காட்டினருக்கு நினைவிருந்தது.

என் பார்வையில் ஆய்வின் வலுவான பகுதி இதுதான். ஆய்வாளர்கள் முன்னிறுத்தியதோ வேறொன்று: நுணுகிச் சிந்திக்கும் திறன். போய்வந்தவர்களின் திறன் திட்ட விலக்கத்தில் 9 விழுக்காடு கூடியது என்கிறார்கள். நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை மூன்று நான்கு இடம் முன்னே நகர்வது போல. பத்தாயிரத்துக்கும் குறைந்த மக்கள் வாழும் ஊர்ப் பிள்ளைகளிடம் இந்த வளர்ச்சி திட்ட விலக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது பன்னிரண்டு இடம்போல. ஒரு மணி நேரத்துக்கு அது பெரிது.

ஆனால் எதை வைத்து அளந்தார்கள்? பிள்ளைகள் முன்பு பார்த்திராத, போ பார்ட்லெட் வரைந்த ‘பெட்டி’ என்ற ஓவியத்தைக் காட்டினார்கள். இதில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படி நினைக்கிறாய் என்று இரண்டு கேள்விக்கு எழுதச் சொன்னார்கள். எழுதியவர் யாரென்று தெரியாதபடி விடைகளுக்கு மதிப்பெண் போட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோளாறு கேள்வியில் இருக்கிறது. அந்த இரண்டும் கலைக்கூடச் சுற்றுகளில் வழிகாட்டிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள். நீச்சல் சொல்லிக்கொடுத்து நீச்சலில் சோதிப்பது நியாயம். அந்த மதிப்பெண்ணை உடல்வலிமை என்று அறிவிப்பது நியாயமாகாது. ஓவியத்தின் முன் நின்று, கண்ணில் பட்டதைச் சான்றாகக் காட்டிப் பேசப் பழகினார்கள் என்பது நிறுவப்பட்டிருக்கிறது. செய்தித்தாளையோ அறிவியல் பாடத்தையோ அதே கண்ணால் படித்தார்களா என்பதற்கு இந்த ஆய்வில் விடை இல்லை.

சகிப்புணர்வு பற்றிய முடிவு இன்னும் மெலிது. அமெரிக்காவைக் குறைகூறும் கலைஞர்களின் படைப்பை அருங்காட்சியகத்தில் வைக்கவிடக் கூடாது என்ற கூற்றை, போகாதவர்களில் 35 விழுக்காட்டினர் ஏற்றார்கள், போனவர்களில் 32. அருங்காட்சியகத்துக்கு அண்மையில் போய்வந்த பிள்ளையிடம் அருங்காட்சியகத்தைப் பற்றியே கேட்டுப் பெற்ற வேறுபாடு அது.

ஒப்பீட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. போனவர்கள் ஒரு பக்கம், எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்கள் மறுபக்கம். அதே ஐந்து ஓவியங்களின் அச்சுப்படிகளை வகுப்பில் மாட்டி, அதே கேள்விகளை ஒரு மணி நேரம் கேட்ட மூன்றாவது குழு இருந்திருந்தால், பலனில் எவ்வளவு ஓவியத்தின் நேரடி இருப்புக்கு, எவ்வளவு உரையாடலுக்கு என்று பிரித்திருக்கலாம். பேருந்துக்குப் பணம் கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். அதோடு, விண்ணப்பித்த குழுக்கள் அனைத்தையும் ஏதோ ஓர் ஆசிரியரின் ஆர்வமே அங்கே கொண்டுவந்திருக்கும். விண்ணப்பமே போடாத வகுப்பைப் பற்றி ஆய்வு பேச முடியாது.

ஆசிரியரைப் பற்றிய செய்தி இந்த ஆய்வில் ஓரமாகக் கிடக்கிறது. பலர் கவனித்ததாகத் தெரியவில்லை. பயணத்துக்கு வந்த ஆசிரியர்களுக்குப் பாடக் குறிப்புகள் அனுப்பப்பட்டிருந்தன. அவற்றுக்கு வகுப்பில் கிடைத்த நேரம், சராசரியாக, மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இல்லை. அருங்காட்சியகம் ஆசிரியர் பயிற்சியே நடத்தவில்லை என்று இதற்குப் பொருளல்ல. இந்த ஆய்வின் தராசில் பயிற்சி ஏறவே இல்லை என்பதுதான் பொருள். கூடத்துக்குள் ஓவியத்தின் முன் பேச்சை நடத்துவது அருங்காட்சியக ஆள். பள்ளி ஆசிரியர் பின்வரிசையில் நின்று தலை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஓவியத்தின் முன் கேட்கப்படும் அந்த இரண்டு கேள்விகளின் வரலாறோ வேறு திசையில் போகிறது. 1980-களின் பிற்பகுதியில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்தியவர் ஃபிலிப் யெனவைன். அங்கே தரப்பட்ட விளக்கங்களில் பார்வையாளர் மனதில் ஏறக்குறைய எதுவும் தங்கவில்லை என்பதை உளவியலாளர் அபிகெய்ல் ஹவுசனின் சோதனைகள் காட்டின. அதிலிருந்து இருவரும் உருவாக்கியதுதான் மூன்று கேள்வி முறை: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், வேறு என்ன தெரிகிறது. முறையின் கண்டிப்பான வடிவத்தில் நடத்துபவர் தகவல் எதுவும் தருவதில்லை. ஆனால் அதைச் செய்யவேண்டியவர் வகுப்பாசிரியர். ஒரு நாள் கூத்தாக அன்றி, ஆண்டில் பல முறை. பென்டன்வில்லில் பிள்ளைகளின் விடைகளுக்கு மதிப்பெண் போட்ட அளவுகோலும் பாஸ்டனின் இசபெல்லா ஸ்டுவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து உழைத்த ஆய்வாளர்கள் ஆக்கியது. பள்ளிகளோடு தொடர்ந்து உறவு வைத்து இந்த முறையைச் சோதித்த இடம் அது. அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள், தொடர்ச்சியை விட்டுவிட்டார்கள்.

முறையின் கண்டிப்பையும் நான் ஏற்கவில்லை. தகவல் தங்காது என்ற நம்பிக்கையை 88 விழுக்காடு உடைத்துவிட்டது. மேப்பிள் சாறு ஏன் அடிமைமுறைக்கு எதிரானது என்பதை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அந்தப் படத்திலிருந்து ஒரு பிள்ளை கண்டுபிடிக்க முடியாது. யாராவது சொல்லவேண்டும். பார்த்து, ஊகித்து, குழம்பி, கேட்ட பிறகு சொன்னதால் அது தங்கியது என்பது என் கணிப்பு. அப்படியானால் ஆசிரியருக்குத் தேவைப்படும் பயிற்சி மூன்று கேள்விகளை மனப்பாடம் செய்வதோடு முடியாது. எந்த ஐந்து ஓவியம், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது, எந்தக் கேள்வி வந்ததும் கதையைத் திறப்பது என்பதை அவர் பிள்ளைகள் இல்லாத ஒரு நாளில் அந்த ஓவியங்களின் முன் நின்று பழகியிருக்கவேண்டும். குறிப்புப் பொதியை அஞ்சலில் அனுப்பி இதைச் செய்ய முடியாது.

பயணத்துக்கு ஆதரவான சான்றாக, அதிலும் கலைக்கூடத்தைக் கண்டிராத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு, இந்த ஆய்வு நிற்கிறது. பொதுவான சிந்தனைத் திறனையோ சகிப்புணர்வையோ வளர்க்கும் என்பதற்குச் சான்றாக அது போதாது. அதைப் பார்த்துத் திட்டம் தீட்டும் கலைக்கூடங்கள் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்குவதைக் குறைக்கவேண்டியதில்லை. மாற்று ஆசிரியருக்கு ஒரு நாள் ஊதியம் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. அதை இரண்டு நாளாக்கினால், முதல் நாள் ஆசிரியர் தனியாக வந்துபோகலாம்.